ஸ்கேன் இருக்கும்போது கேள்வித்தாள் எதற்கு? மூளையை ஆராயும் முறைகள் பற்றி ஒரு விவாதம்

அல்சூர்வாசி எழுதியது:

என் மாமியாருக்கு வயது 68. திருவண்ணாமலை அருகே ஒரு கிராமத்தில் ஐந்தாம் வகுப்புவரை படித்தவர். மணமாகிப் பெங்களூருக்கு வந்தபின் கடைவீதியிலும் அக்கம்பக்கத்திலும் பேசிப் பேசியே கன்னடமும் தெலுங்கும் கற்றுக்கொண்டார். எழுதப் படிக்கத் தெரிந்தது தமிழ் மட்டும்தான். முதியோரின் மூளை நலத்தைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கும் ஓர் ஆய்வில் சேருமாறு அவருக்கு அழைப்பு வந்திருக்கிறது. அவருக்கும் விருப்பம்தான்.

விவரத்தாளைப் படித்தபோது எனக்கு இரண்டு ஐயங்கள் எழுந்தன. எம்.ஆர்.ஐ., இரத்தப் பரிசோதனை ஆகியவற்றைத் தவிர, அரை நாள் பிடிக்கும் கேள்விப் பகுதி ஒன்றும் அதில் இருக்கிறது. சொற்பட்டியலைக் கேட்டுவிட்டுச் சற்று நேரம் கழித்துத் திரும்பச் சொல்ல வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் தெரிந்த விலங்குகளின் பெயர்களை அடுக்க வேண்டும். காட்டிய உருவத்தைப் பார்த்து வரைய வேண்டும். மூளையையே படம் பிடிக்கும் கருவி கையில் இருக்கும்போது, பள்ளித் தேர்வு போன்ற இந்தக் கேள்விகள் எதற்கு? அடுத்ததாக, இந்தச் சோதனையை அவருக்கு எந்த மொழியில் நடத்த வேண்டும் என்று நாங்கள் கேட்க உரிமை உண்டா? விவரம் அறிந்தவர்கள் எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

நரம்பியல் மாணவி எழுதியது:

நான் இந்நகரில் நரம்பியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். உங்கள் முதல் கேள்விக்கு விடை சொல்ல முயல்கிறேன், அக்கா.

வழக்கமான எம்.ஆர்.ஐ. மூளையின் வடிவத்தைக் காட்டும்; அந்த மூளையைக் கொண்டு ஒருவர் என்ன செய்கிறார் என்பதைக் காட்டாது. புதிய நினைவுகள் உருவாகத் தேவையான ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி சுருங்கியிருந்தால் படத்தில் அளந்துவிடலாம். ஆனால் அது சுருங்கிய நிலையிலும் வீட்டு வரவுசெலவைப் பிழையின்றிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். படம் ஏறத்தாழ இயல்பாக இருந்தும் தடுமாறுபவர்களும் இருக்கிறார்கள்.

இதற்கு நான் அறிந்த மிகத் தெளிவான சான்று, அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டு டேவிட் ஸ்னோடன் தொடங்கிய கன்னியர் ஆய்வு. நோத்ரு தாம் சபையைச் சேர்ந்த, 75 வயதைக் கடந்த 678 கன்னியாஸ்திரிகள் அதில் பங்கேற்றார்கள். குறிப்பிட்ட கால இடைவெளியில் அவர்களுக்கு நினைவாற்றல் சோதனைகள் நடந்தன. இறந்தபின் மூளையை ஆய்வுக்குத் தரவும் அவர்கள் இசைந்தார்கள். அவர்களுள் சிஸ்டர் மேரி என்பவர் 101 வயதில் காலமானார். அவருடைய மூளையைத் திறந்து பார்த்தபோது, மறதிநோய் வகைகளுள் ஒன்றான அல்சைமர் நோய்க்குரிய புரதப் படிவுகளும் முடிச்சுகளும் ஏராளமாக இருந்தன. உயிரோடு இருந்தபோதோ, முதிர்ந்த வயதிலும் சோதனைகளில் இயல்பான மதிப்பெண் பெற்றவர் அவர். திசுவை மட்டும் பார்த்திருந்தால் நோயாளி என்று எழுதியிருப்பார்கள். சோதனையை மட்டும் செய்திருந்தால் அவர் மூளையில் இவ்வளவு சேதம் இருந்தது யாருக்கும் தெரிந்திருக்காது. இரண்டும் ஒருவரிடமே சேர்ந்து கிடைத்ததால்தான், சேதத்தை ஈடுகட்டும் இருப்பு சிலருக்கு எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியே வலுப்பெற்றது.

அந்தக் கன்னியர்கள் சபையில் சேர்ந்த இளவயதில் தங்கள் வாழ்க்கையைப் பற்றிச் சிறு கட்டுரைகள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். கருத்துச் செறிவு குறைந்த கட்டுரைகளை எழுதியவர்களிடமே முதுமையில் அறிதிறன் குறைவு கூடுதலாகக் காணப்பட்டது. எந்த ஸ்கேனும் தந்திருக்க முடியாத தரவு அது.

தரவாளன் எழுதியது:

நான் நரம்பியல் படித்தவன் அல்லன். வொயிட்ஃபீல்டில் புள்ளியியல் சார்ந்த வேலை பார்க்கிறேன். ஸ்கேனைவிடக் கேள்வித்தாளை நான் கூடுதலாக நம்புகிறேன் என்று இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். குறிப்பாக, மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று காட்டுவதாகப் பத்திரிகைகளில் வண்ணப் புள்ளிகளோடு வெளியாகும் செயல்பாட்டு எம்.ஆர்.ஐ. படங்களைப் பற்றி எனக்குக் கடுமையான ஐயம் உண்டு.

2009ஆம் ஆண்டு கிரெய்க் பென்னெட் என்பவரும் உடனுழைப்பாளர்களும் இறந்துபோன ஒரு சால்மன் மீனை ஸ்கேனருக்குள் வைத்து, மனிதர்கள் ஒருவரோடொருவர் பழகும் காட்சிகளின் படங்களை அதற்குக் காட்டினார்கள். வழக்கமான கணக்கைப் போட்டபோது மீனின் மூளைப் பகுதியில் செயல்பாடு தெரிவதாக முடிவு வந்தது. படத்தைப் பல்லாயிரம் சிறு கனங்களாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் தனித்தனியாகச் சோதித்தால், சிலவற்றில் தற்செயலாகவே ஏதேனும் ஒன்று தென்படும் என்பதே காரணம். 2016இல் ஆண்டர்ஸ் எக்லண்ட் குழுவினர், பரவலாகப் பயன்பட்ட மென்பொருள்களைச் சோதித்தார்கள். 5 விழுக்காடாக இருக்க வேண்டிய பொய்யான கண்டுபிடிப்புகள் சில வகைக் கணக்கீடுகளில் 70 விழுக்காடுவரை போவதாகக் காட்டினார்கள். 2020இல் ஒரே தரவை 70 ஆய்வுக் குழுக்களிடம் கொடுத்து ஒன்பது கருதுகோள்களைச் சோதிக்கச் சொன்னார்கள். எந்த இரு குழுக்களும் ஒரே வழியில் கணக்கிடவில்லை. பல கருதுகோள்களில் முடிவுகளும் ஒன்றுக்கொன்று மாறுபட்டன. 2022இல் ஸ்காட் மாரெக் குழுவினர், ஆளுக்கு ஆள் மாறும் அறிதிறனையும் மூளைப் படங்களையும் நம்பத்தக்க முறையில் தொடர்புபடுத்த ஆயிரக்கணக்கானோர் தேவை என்று நிறுவினார்கள். அதுவரை வந்த ஆய்வுகளில் பங்கேற்றோர் எண்ணிக்கையின் நடுமதிப்பு ஏறக்குறைய 25 மட்டுமே.

இவ்வளவுக்குப் பிறகும் வண்ணப் படத்தை எப்படி நம்புவது?

நரம்பியல் மாணவி எழுதியது:

தரவாளன் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. எங்கள் துறையில் புதிதாகச் சேருபவர்களுக்கு இவற்றைத்தான் முதலில் கற்பிக்கிறார்கள். ஆனால் இவற்றிலிருந்து அவர் வரும் முடிவை நான் ஏற்கவில்லை.

சால்மன் ஆய்வைச் செய்தவர்கள் செயல்பாட்டு எம்.ஆர்.ஐ.யைக் கைவிடச் சொல்லவில்லை. பல்லாயிரம் இடங்களில் சோதிப்பதால் வரும் தற்செயல் முடிவுகளை விலக்கும் திருத்தத்தைச் செய்தவுடன் மீனின் மூளையில் தெரிந்த செயல்பாடு முழுவதும் மறைந்துவிட்டது என்பதையும் அவர்களே காட்டினார்கள். மாரெக் ஆய்வு எச்சரிப்பது, பலரை ஒருவரோடொருவர் ஒப்பிட்டு இவர் மூளை இப்படி இருப்பதால் இவர் திறன் இப்படி என்று சொல்லும் ஆய்வுகளைத்தான். ஒரே மனிதர் படிக்கும்போதும் சும்மா இருக்கும்போதும் அவர் மூளையில் காணும் வேறுபாட்டை அளக்கும் ஆய்வு வேறு வகை. அதற்குச் சில பேரிடமிருந்து நிறையத் தரவு போதும்.

அந்தக் கருவி உண்மையில் எதை அளக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். நியூரான்கள் எனப்படும் நரம்பணுக்களின் மின்செயலை அது நேராக அளப்பதில்லை. ஓரிடத்தில் நியூரான்கள் மும்முரமாக வேலை செய்தால் அங்கே ஆக்சிஜன் நிறைந்த இரத்தம் தேவைக்கு மிஞ்சியே பாயும். ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபின் காந்தப்புலத்தைச் சற்றுக் குலைக்கும். ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் அவ்வாறு குலைக்காது. இந்த வேறுபாட்டைக் கொண்டு படம் எடுக்கலாம் என்று 1990இல் செய்ஜி ஒகாவா காட்டினார். இரத்த ஓட்டம் உச்சத்தை எட்ட ஐந்தாறு வினாடிகள் ஆகும். ஒரு சொல்லைப் பார்த்துப் புரிந்துகொள்ள நமக்கு அரை வினாடிகூட ஆகாது. ஆகவே எங்கே என்ற கேள்விக்கு ஓரளவு விடை தரும் இந்தக் கருவி, எப்போது என்ற கேள்விக்குத் தடுமாறும். அந்த மூளைப் பகுதி இல்லாவிட்டால் அந்தச் செயல் நடக்காதா என்ற கேள்விக்கு விடையே தராது.

கடைசியாகச் சொன்ன குறையை ஆய்வாளர்கள் எப்படிக் கடந்தார்கள் என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த ஓர் எடுத்துக்காட்டு உண்டு. இளவயதிலேயே பார்வை இழந்தவர்கள் விரலால் பிரெயில் படிக்கும்போது, கண்பார்வைக்குரிய பின்மூளைப் பகுதியில் இரத்த ஓட்டம் கூடுவதாக 1996இல் நோரிஹிரோ சதாத்தோ குழுவினர், உடலில் சிறிதளவு கதிரியக்கப் பொருளைச் செலுத்திப் படம் எடுக்கும் பெட் ஸ்கேன் மூலம் கண்டார்கள். அந்தப் பகுதி படிப்பில் உண்மையாகவே பங்கேற்கிறதா, வேறேதோ காரணத்தால் உடன் விழித்துக்கொள்கிறதா என்று படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. மறு ஆண்டே லியனார்டோ கோயன் குழுவினர் வேறு வழியில் சென்றார்கள். மண்டைக்கு வெளியே ஒரு கம்பிச்சுருளை வைத்துக் காந்தத் துடிப்பு கொடுத்தால், அதன் கீழுள்ள மூளைப் பகுதியின் வேலை சிறிது நேரம் குலையும். 1985இல் ஆன்டனி பார்க்கர் ஷெஃபீல்டில் உருவாக்கிய முறை இது. பார்வையற்றவர்களின் பின்மூளையில் இந்தத் துடிப்பைக் கொடுத்தபோது பிரெயில் படிப்பதில் பிழைகள் மிகுந்தன. பார்வையுள்ளவர்கள் புடைப்பெழுத்துகளை விரலால் தடவிப் படிக்கும்போது அதே துடிப்பு கொடுத்தும் அவர்கள் வாசிப்பு கெடவில்லை. பிறகு 2000ஆம் ஆண்டில் ஒரு நோயாளியின் வரலாறு வெளியானது. பிறவியிலேயே பார்வையற்ற, பிரெயிலில் தேர்ந்த ஒரு பெண்மணிக்குப் பக்கவாதத்தால் இருபுறப் பின்மூளையும் சேதமுற்றது. அதன்பின் விரலுக்குப் புள்ளிகள் தட்டுப்பட்டன. எழுத்துகளாக அவற்றைப் படிக்க முடியவில்லை.

ஸ்கேன், காந்தத் துடிப்பு, நோயாளி என்று மூன்று வழிகளும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன. மூன்றிலும் அளவுகோலாக நின்றது அவர் எழுத்தைச் சரியாகப் படித்தாரா என்ற எளிய சோதனைதான். அந்தச் சோதனை இல்லாவிட்டால் மற்றவற்றுக்குப் பொருளே இல்லை. உங்கள் மாமியாரிடம் கேட்கப்போகும் கேள்விகளும் அந்த இடத்தில்தான் இருக்கின்றன, அக்கா.

ஓய்வுபெற்ற டெக்னீசியன் எழுதியது:

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக மருத்துவமனையில் இ.இ.ஜி., அதாவது மூளை மின்னலைப் பதிவு, எடுத்தவன் என்ற முறையில், எப்போது என்ற கேள்விக்கு விடை தரும் கருவியைப் பற்றிச் சில செய்திகள்.

ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் 1924இல் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவு செய்து 1929இல் வெளியிட்டார். மண்டைத்தோலில் கிடைக்கும் மின்னழுத்தம் மிகச் சிறியது, சில பத்து மைக்ரோவோல்ட்தான். அதனால் தயாரிப்புதான் பாதி வேலை. தேங்காயெண்ணெய் தடவிப் பின்னிய கூந்தலோடு பாட்டிமார் வந்து உட்காருவார்கள். எண்ணெய் இருந்தால் மின்முனை தோலோடு சரியாகப் பொருந்தாது. தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல் வரச் சொல்வது அதனால்தான். முடியை வகிர்ந்து, தோலைச் சற்றுத் தேய்த்து, பசை வைத்து, ஒவ்வொரு மின்முனையாகப் பொருத்த வேண்டும். கண் இமைத்தால் முன்பக்கத் தடங்களில் பெரிய மேடு எழும்; பல்லைக் கடித்தால் பதிவு முழுவதும் தசையின் இரைச்சல்தான். பக்கத்து அறையில் ஏதாவது கருவி ஓடினால் 50 ஹெர்ட்ஸ் மின்சார இரைச்சல் வந்து புகுந்துகொள்ளும்.

எல்லாம் அடங்கியபின், கண்களை மூடுங்கள் என்று சொன்னவுடன் பின்மண்டைத் தடங்களில் வினாடிக்கு 8 முதல் 13 வரையான ஆல்ஃபா அலைகள் சீராக எழும். கண்ணைத் திறந்தால் உடனே அடங்கிவிடும். பெர்கர் கண்டதும் இதைத்தான். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது.

ஆராய்ச்சியில் இதன் பலம் நேரம். 1980இல் மார்த்தா கூட்டாஸும் ஸ்டீவன் ஹில்யார்டும், வாக்கியத்தின் இறுதியில் பொருந்தாத சொல் வந்தால் ஏறக்குறைய 400 மில்லிவினாடியில் ஒரு தனி அலை தோன்றுவதைக் கண்டார்கள். "அம்மா இட்லிக்குச் சட்னியும் நாற்காலியும் வைத்தாள்" என்று படித்தால், நாற்காலி என்ற இடத்தில் அந்த அலை எழும் என்று எதிர்பார்க்கலாம். ஆனால் மண்டையோடு மின்னோட்டத்தைப் பரப்பிவிடுவதால், அலை மூளையின் எந்த இடத்திலிருந்து கிளம்பியது என்று துல்லியமாகச் சொல்வது கடினம்.

அல்சூர்வாசி அம்மாவுக்கு எம்.ஆர்.ஐ. பற்றியும் ஒரு செய்தி. தங்கம் காந்தத்தால் இழுக்கப்படாது என்றாலும் நகைகளில் வேறு உலோகக் கலப்பு இருக்கும், படமும் குலையும், சூடேறவும் வாய்ப்புண்டு. ஆதலால் தாலி, மெட்டி, மூக்குத்தி, கொண்டை ஊசி என எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார்கள். அந்த நேரத்தில் சொன்னால் வயதான பெண்கள் கலங்கிப்போவார்கள். முதல் நாளே சொல்லி, மஞ்சள் கயிறு ஒன்றைக் கட்டி அழைத்துச் சென்றால் அவருக்கும் மனநிறைவு, ஊழியர்களுக்கும் எளிது. பேஸ்மேக்கரோ உடலுக்குள் வேறு உலோகமோ இருந்தால் கட்டாயம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

சிவாஜிநகர் வாசகன் எழுதியது:

இ.இ.ஜி.யை வைத்துக் குற்றவாளியின் மனத்தில் உள்ளதைப் படிக்கலாம் என்று முன்பு நம் ஊரிலேயே பேசப்பட்டதே, அது என்ன ஆயிற்று?

நரம்பியல் மாணவி எழுதியது:

பழக்கமான ஒன்றோ எதிர்பாராத ஒன்றோ கண்ணில் பட்டால் ஏறக்குறைய 300 மில்லிவினாடிக்குப் பின் ஓர் அலை எழும். அதைக் கொண்டு, குற்றம் நடந்த இடத்தின் விவரம் ஒருவருக்குத் தெரியுமா என்று சோதிக்க முயன்றார்கள். விவரத்தை அறிந்திருப்பதும் குற்றத்தைச் செய்திருப்பதும் ஒன்றல்ல. செய்தித்தாளில் படித்தவருக்கும் அந்த அலை எழலாம். செல்வி எதிர் கர்நாடக மாநிலம் என்ற வழக்கில் 2010 மே மாதம் உச்ச நீதிமன்றம், மயக்க மருந்து கொடுத்து விசாரிக்கும் நார்கோ சோதனை, பொய்யறியும் கருவி, இந்த அலையைத் தேடும் மூளை வரைபடச் சோதனை ஆகிய மூன்றையும் ஒருவரின் இசைவின்றி நடத்தக் கூடாது என்று தீர்ப்பளித்தது.

காவேரிக்கரை எழுதியது:

நான் நரம்பு உளவியல் சோதனைகள் நடத்துபவள். இரண்டாவது கேள்விக்கு இன்னும் யாரும் விடை சொல்லவில்லை. என்னைக் கேட்டால் இந்த இழையில் அதுவே முதன்மையானது. ஆம், எந்த மொழியில் என்று நீங்கள் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

சில எண்களைச் சொல்லித் திரும்பச் சொல்லச் செய்யும் சோதனையை எடுத்துக்கொள்வோம். வேல்ஸ் மொழியும் ஆங்கிலமும் பேசும் மாணவர்களிடம் 1980இல் நடந்த ஓர் ஆய்வில், வேல்ஸ் எண்களை உச்சரிக்கக் கூடுதல் நேரம் ஆவதால் அம்மொழியில் அவர்கள் நினைவில் வைத்த எண்கள் குறைவாக இருந்தன. ஆள் அதே ஆள்தான். மொழி மட்டுமே மாறியது. தமிழில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று சொல்ல எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். அதோடு, தொலைபேசி எண்ணை ஆங்கிலத்திலேயே சொல்லிப் பழகிய தமிழர்கள் இந்நகரில் ஏராளம். ஒருவர் பெற்ற மதிப்பெண்ணைப் படிக்கும்போது இந்த இரண்டையும் கணக்கில் எடுக்காவிட்டால் இல்லாத குறையை இருப்பதாக எழுதிவிடுவோம்.

பள்ளிப் படிப்பும் அப்படித்தான். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் பொருளற்ற ஒலிக்கோவைகளைத் திரும்பச் சொல்வது கடினம் என்று போர்ச்சுகலில் நடந்த ஆய்வுகள் காட்டின. அவர்கள் மூளையில் நோய் ஏதும் இல்லை. எழுத்துப் பயிற்சி தரும் ஒரு திறன் அவர்களுக்கு வாய்க்கவில்லை. பென்சில் பிடித்துப் பழக்கமில்லாத ஒருவரை ஐங்கோணங்களை வரையச் சொல்லி, வரையவில்லை என்பதற்காக மறதிநோய் என்று முடிவு கட்டுவது அநியாயம். நம் நாட்டில் இதை நெடுங்காலமாகவே உணர்ந்திருக்கிறார்கள். பெங்களூரிலுள்ள மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ் 2004இல் வெளியிட்ட சோதனைத் தொகுப்பு இயல்பளவுகளை வயது, பால், கல்வி வாரியாகப் பிரித்துத் தருகிறது. ஐந்தாம் வகுப்பு படித்தவரை ஐந்தாம் வகுப்பு படித்தவர்களோடுதான் ஒப்பிட வேண்டும்.

கேள்விகளால் என்ன தெரியும் என்று ஐயுறுபவர்களுக்கு ஒன்றைச் சொல்கிறேன். வலிப்புநோய்க்காக 1953இல் இருபுறமும் ஹிப்போகாம்பஸ் பகுதி நீக்கப்பட்ட ஹென்றி மொலேசனைப் பிரெண்டா மில்னர் ஆராய்ந்தபோது அவர் கையில் இருந்தவை காகிதம், பென்சில், கண்ணாடி மட்டுமே. கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து, இரட்டைக் கோடுகளாலான ஒரு நட்சத்திரத்தின் இடைவெளிக்குள் கோடு இழுக்க வேண்டும். கை எதிர்த்திசையில் ஓடும், எவருக்கும் முதலில் வராது. மூன்று நாளில் மொலேசன் அதில் தேர்ச்சி பெற்றார். ஆனால் ஒவ்வொரு நாளும் இதைத் தாம் முன்பு செய்ததே இல்லை என்றார். நிகழ்ச்சிகளை நினைப்பதும் கைப்பழக்கம் பெறுவதும் மூளையில் வெவ்வேறு ஏற்பாடுகள் என்பது அந்தப் பென்சில் கோட்டிலிருந்து தெரியவந்தது.

உங்கள் மாமியார் மூன்று மொழி பேசுபவர் என்பதும் ஆய்வுக்கு மிக வேண்டிய செய்தி. பின்னாளில் நிம்ஹான்ஸுக்கு வந்த சுவர்ணா அல்லாடியும் உடனுழைப்பாளர்களும், ஹைதராபாத் நிஜாம்ஸ் மருத்துவ நிலையத்தில் 648 மறதிநோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள். ஒரு மொழி மட்டும் பேசியவர்களைவிட ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசியவர்களுக்கு நோய் நான்கரை ஆண்டு தாமதமாகத் தொடங்கியிருந்தது. பள்ளிக்கே போகாதவர்களிடமும் அந்த வேறுபாடு தெரிந்தது என்பதால், இது படிப்பின் பயன் மட்டும் அன்று என்று வாதிட முடிந்தது.

தரவாளன் எழுதியது:

மிக அருமையான விளக்கம், அம்மா. ஆயினும் அந்த ஹைதராபாத் ஆய்வில் எனக்கு ஒரு தடை உண்டு. மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டுமே அது பார்த்தது. எத்தகையவர்கள் மருத்துவமனைக்கு வருகிறார்கள், எப்போது வருகிறார்கள் என்பது குடும்பம், வருமானம், ஊர் ஆகியவற்றைப் பொறுத்தது. நோய் எப்போது தொடங்கியது என்பதையும் குடும்பத்தார் நினைவிலிருந்துதான் சொல்லியிருப்பார்கள்.

காவேரிக்கரை எழுதியது:

நியாயமான தடை. நலமாக இருப்பவர்களைப் பல்லாண்டு பின்தொடர்ந்த வெளிநாட்டு ஆய்வுகள் சிலவற்றில் இந்தத் தாமதம் தென்படவில்லை. அந்த ஆய்வுகளில் பல, குடியேறிய சிறுபான்மையினரை உள்ளூராரோடு ஒப்பிட்டவை. இங்கோ பன்மொழி பேசுவது அன்றாட வழக்கம். ஆகவே நம் ஊரில், நோய் வருவதற்கு முன்பிருந்தே கவனிக்கும் ஆய்வுகள்தான் இதைத் தீர்க்க முடியும். இந்திய அறிவியல் கழக வளாகத்தில் உள்ள மூளை ஆய்வு மையம், கோலார் மாவட்டத்து ஸ்ரீனிவாசபுரத்துக் கிராமங்களில் 45 வயதைக் கடந்த 10,000 பேரை இலக்காகக் கொண்டு அப்படியோர் ஆய்வை நடத்திவருகிறது. நகர்ப்புறத்தவர்க்கும் தனியாக ஓர் ஆய்வு உண்டு. அங்கே ஸ்கேனும் எடுக்கிறார்கள், கேள்விகளும் கேட்கிறார்கள்.

அல்சூர்வாசி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. ஆய்வு ஒருங்கிணைப்பாளரை அழைத்துப் பேசினேன். சோதனையைத் தமிழிலேயே நடத்த ஆள் இருப்பதாகவும், படித்த வகுப்பைக் கணக்கில் கொண்டே மதிப்பிடுவதாகவும் சொன்னார். இரண்டாண்டு கழித்து மறுபடியும் அதே சோதனை உண்டாம். அத்தை இப்போதே விலங்குகளின் பெயர்களைச் சொல்லிப் பார்க்கத் தொடங்கிவிட்டார்; அதைத் தடுக்க வேண்டுமா?

காவேரிக்கரை எழுதியது:

அன்பாகச் சொல்லி நிறுத்திவிடுங்கள். பயிற்சி செய்துவிட்டு வந்தால் மதிப்பெண் உயரும். பின்னாளில் ஏற்படும் சிறு சரிவை அந்த உயர்வு மறைத்துவிடும். மறுசோதனையிலும் பழக்கத்தால் சற்றே உயர்வு வரும்; ஆய்வாளர்கள் அதற்கு இடம் விட்டுத்தான் கணக்கிடுவார்கள். இரண்டாண்டு கழித்துப் போகும்போதும் தமிழிலேயே நடத்தச் சொல்லுங்கள். மொழி மாறினால் இரு மதிப்பெண்களையும் ஒப்பிட முடியாமல் போகும். முதல் நாள் இரவு நன்றாகத் தூங்கி, காலை உணவு உண்டு போகட்டும். இரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிறு வேண்டுமென்றால், இரத்தம் எடுத்துச் சாப்பிட்ட பிறகே கேள்விப் பகுதியைத் தொடங்கச் சொல்லுங்கள். மூக்குக் கண்ணாடி அணிபவர் என்றால் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். காது சற்று மந்தம் என்றால் அதைத் தொடக்கத்திலேயே தெரிவித்துவிடுங்கள். காதில் விழாத சொல்லைத் திரும்பச் சொல்லாததும் மறதியாகவே பதிவாகிவிடும்.